கெடா தோட்டங்களில் அயல் முதலீடும் மருத்துவமும்

வளரும் நாடுகளுக்கு வரும் அயல்நாட்டு முதலீடு அந்நாட்டு மக்களின் உடல்நலத்தை மேம்படுத்துமா எனும் வினா இன்று பலராலும் ஆராயப்படுகிறது. இவ்வினாவுக்குக் கெடா மாநிலத் தோட்டத் தமிழரின் வரலாறு தக்கதொரு சான்றாக அமைகின்றது.

1909ஆம் ஆண்டு பாங்காக் உடன்படிக்கையின்வழிக் கெடா, சயாமின் மேலாட்சியிலிருந்து பிரிட்டனின் மேலாட்சிக்கு மாறியது. அடுத்த ஆண்டே உலகச் சந்தையில் ரப்பர் விலை உச்சத்தைத் தொட்டது. பெண்டாங் வட்டார நெல்வயல்களுக்குத் தெற்கே, கோலமூடா, கூலிம் மாவட்டங்களில் காடுகள் ரப்பர்த் தோட்டங்களாயின. இலண்டன் நிறுவனங்களின் முதலோடு அமெரிக்க முதலும் வந்தது. பீடோங் வட்டாரத்து ஹார்வர்ட் தோட்டம் அதற்குச் சான்று. உழைப்பைத் தந்தோர் கங்காணிகள்வழித் தமிழகத்திலிருந்து வந்தோரே.

இம்முதலீடு வேலையோடு நோயையும் கொணர்ந்தது. குன்றுகளில் காடு அழிக்கப்பட்டபோது வெயில்படும் தெளிந்த ஓடைகள் தோன்றின. மலேரியாவைப் பரப்பும் 'அனாபிலிஸ் மாகுலேட்டஸ்' எனும் கொசு பெருகுவது இத்தகைய ஓடைகளிலேதான். கூட்டு மலாய் மாநிலங்களில் பணியாற்றிய மருத்துவர் மால்கம் வாட்சன் இவ்வுண்மையைத் தோட்டந்தோறும் ஆய்ந்து நிறுவினார். நிலத்தடி வடிகாலும் எண்ணெய் தெளிப்பும் கொய்னா மருந்தும் காய்ச்சலைக் குறைத்தன.

தோட்டங்களில் மருத்துவமனைகள் எழுந்ததற்கு இரக்கத்தைவிடக் கணக்கும் சட்டமுமே காரணம் எனலாம். காய்ச்சலில் கிடந்தவர் பால் வெட்ட இயலாது. உழைப்பிழப்பு முதலாளிக்கும் இழப்பாகும். 1922ஆம் ஆண்டு இந்தியக் குடியேற்றச் சட்டத்தைத் தொடர்ந்து, இந்திய அரசின் முகவர் மலாயாவில் அமர்ந்து தொழிலாளரின் நிலையைக் கண்காணித்தார். எனினும் அன்றாட மருத்துவம் பெரும்பாலும் தோட்டத்து 'டிரசர்' கையில்தான் இருந்தது. மருத்துவர் பல தோட்டங்களுக்கு முறைவைத்து வந்து சென்றார்.

இம்மருத்துவம் தோட்டத்தின் உடைமையாக இருந்ததே அதன் பெருங்குறை. 1957ஆம் ஆண்டு விடுதலையை ஒட்டிய காலத்தில் ஐரோப்பியர் பலர் தம் தோட்டங்களை விற்றனர். அவற்றுட் பல துண்டாடப்பட்டன. வேலை இழந்தவர் அதனோடு வீட்டையும் மருந்தையும் இழந்தனர். இந்நிலையை எதிர்கொள்ளவே துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். அச்சங்கம் முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டமே என்பது குறிப்பிடத்தக்கது.

ஆகவே, எத்தனை மருத்துவமனைகள் கட்டப்பட்டன என்பதைக் கொண்டு மட்டும் அயல் முதலீட்டின் பயனை அளத்தல் முறையன்று. முதல் விலகிய பின்னும் நோயாளிக்கு மருந்து கிடைக்குமா என்பதையும் நாம் வினவுதல் வேண்டும். அதற்கான பொறுப்பைச் சட்டமும் பொது மருத்துவமனையும் ஏற்றாலன்றி அந்நலம் நிலைக்காது என்பதே கெடா தோட்டங்கள் நமக்கு உணர்த்தும் உண்மையாகும்.