1907: ஒரு பாஸ், ஒரு பெயில்

1907ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னை பிரசிடென்சி கல்லூரி மாணவர் ஒருவர் ஃபைனான்ஷியல் சிவில் சர்வீஸ் தேர்வில் முதலிடம் வாங்கினார். பெயர் சி.வி. ராமன், வயது 18. அதே ஆண்டின் கடைசியில், அவரைவிட ஒரு வயது மூத்த இன்னொருவர் எஃப்.ஏ. பரீட்சையில் இரண்டாவது தடவையாகக் கோட்டை விட்டார். கணக்கில் பிரச்சினை இல்லை, மற்ற பாடங்கள்தான் காலை வாரின. அவர் ராமானுஜன்.

இந்த இரண்டு பேரையும் 'கனவைத் துரத்தியவர்கள்' என்று மேடையில் பேசுவார்கள். ஆனால் அந்த வயதில் இரண்டு பேரும் துரத்தியது வேலையைத்தான்.

ராமனின் கதையை முதலில் பார்த்துவிடலாம். 1906லேயே லண்டனின் 'ஃபிலாசாபிகல் மேகசின்' இதழில் அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை வந்துவிட்டது. இன்றைய கணக்கில் பையன் நேரே பிஎச்.டி.க்குப் போக வேண்டியவன். அன்று அதற்கு இங்கிலாந்து போக வேண்டும். சென்னையின் அரசு மருத்துவர் பரிசோதித்துவிட்டு, அந்தக் குளிர் இந்த உடம்புக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார். ஐ.சி.எஸ். கதவும் அதோடு மூடியது, ஏனென்றால் 1922 வரை அந்தத் தேர்வு லண்டனில் மட்டும்தான் நடந்தது. ஃபைனான்ஷியல் சர்வீஸை உள்ளூரிலேயே எழுதலாம். அண்ணன் சுப்பிரமணிய ஐயர் ஏற்கெனவே அதில் தேறி வேலையில் இருந்தார். ஆகவே இயற்பியல்காரர் உட்கார்ந்து வரலாறும் சமஸ்கிருதமும் பொருளாதாரமும் படித்தார். ஜெயித்தார். அதே வருஷம் லோகசுந்தரியோடு கல்யாணம், கல்கத்தாவில் அசிஸ்டென்ட் அக்கவுன்டன்ட் ஜெனரல் பதவி.

கல்கத்தாவில் டிராமில் போகும்போது பௌபஜார் தெருவில் ஒரு பெயர்ப் பலகை கண்ணில் பட்டது. மகேந்திரலால் சர்க்கார் 1876இல் தொடங்கிய அறிவியல் வளர்ச்சிக் கழகம் அது. ஆய்வுக்கூடம் கிட்டத்தட்டச் சும்மா கிடந்தது. விடியற்காலை அங்கே, பகலில் ஆபீஸ், சாயங்காலம் திரும்பவும் அங்கே. நடுவில் ரங்கூனுக்கும் நாக்பூருக்கும் மாற்றல் வந்ததைக் கழித்துவிட்டால், 1917 வரை இப்படித்தான் ஓடியது. அந்தப் பத்து வருஷ ஆராய்ச்சிக்கு யார் படியளந்தார்கள் என்று கேட்டால், நிதித்துறைதான். இதை நம் பாடப்புத்தகங்கள் ஏனோ அழுத்திச் சொல்வதில்லை.

இப்போது ராமானுஜன். பட்டம் இல்லாதவருக்கு எந்தத் தேர்வும் இல்லை. 1909இல் ஜானகியோடு கல்யாணம் ஆனதும் வேலை தேடும் படலம் மும்முரமானது. திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசாமி ஐயரிடம் போய் ஒரு குமாஸ்தா வேலை கேட்டார். இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர் அவர். நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தவர் வேலை தராமல் சிபாரிசுக் கடிதம் தந்தார். தாலுகா ஆபீஸில் தள்ளி இந்த மூளையை மழுங்கடிக்க வேண்டாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. நல்ல எண்ணம்தான், ஆனால் வெறும் வயிற்றோடு திரும்பிப் போகிறவனுக்கு அது எப்படி இருந்திருக்கும்?

1912இல் சென்னை அக்கவுன்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் தற்காலிக வேலை கிடைத்தது. மாதம் 20 ரூபாய், சில வாரங்கள் மட்டும். ராமன் அதிகாரியாக இருந்த அதே இலாகாவின் அடிமட்டம் அது. நடுவில் இருந்த தூரம் ஒரு பரீட்சை. பிறகு மார்ச் 1ஆம் தேதி துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய்க்கு மூன்றாம் வகுப்புக் குமாஸ்தா ஆனார். அங்கே தலைமைக் கணக்கர் எஸ். நாராயண ஐயர் கணிதம் தெரிந்தவராக அமைந்தது பெரும் அதிர்ஷ்டம். ராத்திரி இரண்டு பேரும் சிலேட்டும் கையுமாக உட்கார்ந்துவிடுவார்களாம். 1913 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் தன் சம்பளம் ஆண்டுக்கு 20 பவுண்டு மட்டுமே என்று குறிப்பிட்டார் ராமானுஜன். பவுண்டுக்கு 15 ரூபாய் வீதம் 30 ரூபாய் சம்பளத்துக்கு 24 பவுண்டு வர வேண்டும். கணித மேதை இங்கே கொஞ்சம் கறாராகக் கணக்குப் போடவில்லை! அந்த மே மாதம் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை தந்தது. வாழ்க்கையில் முதல்முறையாகக் கணக்குப் போடுவதற்கே சம்பளம்.

இந்தக் கதைகளில் வருகிற பெயர்களை ஒரு தடவை திரும்பப் பாருங்கள். ஐயர், ஐயர், ஐயங்கார். சிபாரிசுக் கடிதம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போன பாதை அது. 1916 டிசம்பரில் பிட்டி தியாகராயர் வெளியிட்ட பிராமணரல்லாதார் அறிக்கை கேட்டதும் இதே ஆபீஸ் நாற்காலிகளைப் பற்றித்தான். பெயிலானாலும் கதவைத் தட்ட ஒரு வீடு ராமானுஜனுக்கு இருந்தது. அதுவும் இல்லாமல் பெயிலானவர்களின் நோட்டுப் புத்தகங்கள் நமக்கு வந்து சேரவில்லை.

1917இல் அசுதோஷ் முகர்ஜி அழைத்தார் என்று ராமன் அரசு வேலையை விட்டுவிட்டு, கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பாலித் பேராசிரியர் ஆனார். சம்பளம் ஏறக்குறையப் பாதியானது. துணிச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் பத்து வருஷச் சம்பளமும் ஒரு கட்டு ஆய்வுக் கட்டுரைகளும் கையில் இருந்தபோது எடுத்த துணிச்சல். 18 வயதில் அதே மனிதர் எடுத்த முடிவு வேறு.

கணக்கு இலாகாவிலேயே இருந்துவிட்டவர் அண்ணன் சுப்பிரமணிய ஐயர். ரயில்வே தணிக்கை வேலையாக அவர் லாகூரில் இருந்தபோது 1910இல் பிறந்த மூத்த மகன்தான் எஸ். சந்திரசேகர். பையன் ஐ.சி.எஸ். ஆக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. பையனுக்கோ கணிதம் வேண்டும். பேரம் பேசி இயற்பியல் ஆனர்ஸில் வந்து நின்றது. அம்மா சீதாலட்சுமிதான் உனக்குப் பிடித்ததைச் செய் என்று மகன் பக்கம் நின்றார். 1930இல் அரசு உதவித்தொகையோடு அவர் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறியபோது அம்மா கடும் நோயில் இருந்தார், மறு வருஷம் இறந்துபோனார். அந்தக் கப்பலில் போட்ட கணக்குக்காகவும் அதைத் தொடர்ந்த வேலைக்காகவும் 1983இல் நோபல் வந்தது.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஊர் ஊராக மாற்றலாகிக்கொண்டே வாழ்நாள் முழுக்கத் தணிக்கைக் கோப்பு பார்த்த அந்த மனிதர் வயலின் வாசிப்பவர். 1939இல் கர்நாடக இசையின் இலக்கணம் பற்றி ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் போட்டார்.