சேர்வராயன் மலையில் ஒரு காலிக் பெயர்

சேலம் ஜில்லாவின் கலெக்டராக 1820 முதல் 1829 வரை உத்தியோகம் வகித்தவரும், ஏற்காட்டுச் சரிவுகளில் காப்பிச் செடியை முதன்முதலாக நாட்டுவித்தவர் என்று சொல்லப்படுபவருமான எம். டி. கோபர்ன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர், 1829-இல் சேலத்தில் தமக்குப் பிறந்த பெண்மகவுக்கு மார்கரெட் புஷ்பி லாசெல்ஸ் என்று நாமகரணம் செய்தார். பிற்காலத்தில் கோத்தகிரியில் வாழ்ந்து, நீலகிரியின் பறவைகளைச் சித்திரமாகத் தீட்டி, 1928 வரையில் ஜீவித்திருந்த அந்த அம்மையாரின் பெயரை இவ்வாராய்ச்சியின் முகப்பில் வைப்பதற்குக் காரணம் உண்டு. சேர்வராயன் மலையில் பிறக்கும் பெண் குழந்தைக்கு, தோட்டங்களின் பூர்வீகத்தை நினைந்து, ஸ்காட்லாந்துப் பெயரோ அந்நாட்டின் காலிக் மொழிப் பெயரோ சூட்ட விழைகின்றவர்கள், அவ்விரண்டும் ஒன்றே என்று எண்ணிவிடுகிறார்கள். அவை ஒன்றல்ல என்பதற்கு இப்பெயரே சான்று. (ஆங்கிலேயர் உச்சரிப்பைப் பின்பற்றிக் ‘கேலிக்’ என்று எழுதுவாரும் உளர்; ஸ்காட்லாந்தில் அம்மொழிக்குரியோர் சொல்வது காலிக் என்றே; அதனால் நமக்கும் கேலி என்னும் ஐயத்துக்கு இடமில்லாமற் போகிறது.)

கோபர்ன் வமிசத்தார் ஸ்காட்லாந்தின் தென் எல்லையைச் சேர்ந்தவர்கள். அப்பிரதேசத்தின் பாஷை காலிக் அன்று. மார்கரெட் என்ற பெயரும் கிரேக்கத்தில் முத்தைக் குறிப்பது. அதை ஸ்காட்லாந்தில் நிலைபெறச் செய்தவர், ஹங்கேரியில் பிறந்து மூன்றாம் மால்கமை மணந்து 1093-இல் காலஞ்சென்ற மார்கரெட் அரசியார். அவரோ தம் ஆறு புதல்வருக்கும் இரு புதல்வியருக்கும் ஒரு காலிக் பெயரைக்கூட இடவில்லை. அப்படியிருந்தும் காலிக் மக்கள் அவர் பெயரை மைரெட் என்று தம் நாவுக்கிசைய மாற்றித் தமதாக்கிக்கொண்டார்கள். ஆகவே பெயர் எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டிலும், எந்த வாய் அதைக் கூவி அழைக்கிறது என்பதே அதன் உரிமையை நிச்சயிக்கிறது என்று கொள்ள இடமுண்டு. நம் நாமகரணத்திலும் பெயர் முதலில் ஏட்டிலேறுவதில்லை; குழந்தையின் காதில் மும்முறை ஓதப்படுகிறது.

பெயர்களின் வழிமுறையில் இரு சமூகங்களும் வியக்கத்தக்க அளவு ஒத்திருக்கின்றன. மூத்த மகளுக்குத் தாயைப் பெற்றவளின் பெயரையும் அடுத்தவளுக்குத் தந்தையைப் பெற்றவளின் பெயரையும் வைப்பது ஸ்காட்லாந்தின் பழைய சம்பிரதாயம். நம்மிடத்திலோ பெயரன், பெயர்த்தி என்ற உறவுச் சொற்களே பாட்டனார் பாட்டிமார் பெயரைத் தாங்குபவர் என்று பொருள்படுகின்றன. அங்கே மகனுக்கு ‘மக்’, மகளுக்கு ‘நிக்’ என்னும் முன்னொட்டு உண்டு. ‘மக்’ என்றதும் ‘மக’ என்னும் தமிழ்ச் சொல் நினைவுக்கு வந்து சிலருக்கு உற்சாகம் பிறக்கக்கூடும். அது வெறும் ஒலி விபத்தேயன்றி இனவுறவாகாது.

இனி விளிக்கு வருவோம். விளியை எட்டாம் வேற்றுமையாகக் கொண்டு விளிமரபு என்று தனி இயலே வகுத்த தொல்காப்பியர், அழைக்கும்போது சொல்லின் ஈறு திரியும் என்றும், இகரம் ஈகாரமாகும் என்றும் விதித்தார். நம்பி, நம்பீ ஆகிறான். காலிக்கிலோ பெண்பெயரில் திரிவது ஈறன்று, முதல். அம்மொழியில் மேரிக்குரிய வடிவம் ஏறக்குறைய ‘மாரி’ என்றே ஒலிக்கும். அவளைக் கூப்பிடும்போது மகரம் வகரமாகி, ‘அ வாரி’ என்றாகும். இவ்விளி வடிவத்தையே பெயரென்று கொண்டதால் வாரி என்பது தனிப் பெயராகவும் ஸ்காட்லாந்தில் வழங்குகிறது. ஆண்பெயரான ஹேமிஷ் பிறந்ததும் இவ்வழியே.

கூவி அழைக்கும் வாய் என்னும் இந்த உரைகல்லில் மற்றப் பெயர்களை உரைத்துப் பார்க்கலாம். பியோனா, தொன்மையான காலிக் பெயரென்று பலரும் நம்பினாலும், பதினெட்டாம் நூற்றாண்டில் மக்பெர்ஸன் என்னும் கவிஞர் தம் ஆஸியன் காவியங்களில் புனைந்தது; வெண்மை என்னும் பொருளுடைய சொல்லினின்றும் வந்ததாகையால், நம் வெள்ளையம்மாளுக்கு ஒருவகையில் தங்கை. மைரெட் வல்லின மெய்யில் முடிவதால், நம் நாவில் உகரம் ஏறி மைரெட்டு ஆகிவிடும். ஏலி என்று ஒலிக்கும் பெயர் அந்நாட்டில் இன்று பெருவழக்கு. எனினும் நெடில் சற்றே குறுகினால் என்ன நேரும் என்பதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு யாரும் போதிக்க வேண்டியதில்லை. ஷீலா, அயர்லாந்தில் செசிலியா என்பதன் திரிபு. நாமோ அதில் சீலத்தைக் கேட்டு, அந்நியமென்ற நினைவேயின்றி ஏற்றுக்கொண்டுவிட்டோம்.

மாரி என்னும் பெயரைத்தான் நான் பரிந்துரைப்பேன். ஆட்சேபம் வரும் என்பதை அறிவேன். நாகரிகமாக ஒரு பெயர் வேண்டுமென்று கடல் கடந்து போனவரிடம், ஆடி மாதத்தில் சேலம் கோட்டை மாரியம்மன் சந்நிதியில் கூடுகிற ஜனத்திரளில் பாதிப்பேரின் வீட்டிலிருக்கும் பெயரைக் கொண்டுவந்து கொடுத்தால், அவர் முகம் சுளிப்பது இயல்பே. பாட்டியின் பெயரிலிருந்து தப்புவதற்காகவே அவர் அந்நியப் பெயரைத் தேடினார் என்ற உண்மையும் அச்சுளிப்பில் வெளிப்பட்டுவிடும். இங்கே ஒரு நுட்பமான பேதமும் உண்டு. காலிக் மக்கள் தேவமாதாவுக்கு ‘மொய்ரெ’ என்ற வடிவத்தைத் தனியே ஒதுக்கி வைத்து, மனிதப் பெண்களுக்கு மாரி என்ற வடிவத்தை மட்டுமே இடுகிறார்கள். நாமோ தெய்வத்தின் பெயரையே கூசாமல் மகளுக்கு இட்டு, நாள் முழுதும் அவளை அதட்டுகிறோம். மாரி இங்கே மழையுமாகும். கோபர்ன் மகளின் பெயர்ப்பொருளையும் இதனோடு சேர்த்தால் முத்துமாரி என்றாகும். அம்மன் பெயரில் வரும் முத்து அம்மையின் கொப்புளம் என்பதை மட்டும் மறக்கலாகாது.

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஸ்காட்லாந்தில் காலிக் பேசுவோர் சுமார் 57,000 பேரே. 1891-இல் அவர்கள் இரண்டரை இலட்சம். கூப்பிடும் வாய்கள் அங்கே அருகிவிட்டன. ஏற்காட்டிலோ எந்தத் தோட்டத்துப் பாதையில் நின்று யார் கூவினாலும், ஈற்று இகரம் தொல்காப்பியர் விதித்தபடியே நீண்டு, ‘மாரீ’ என்று எதிர்ச்சரிவு வரையில் கேட்கும். பிறப்புச் சான்றிதழின் ஆங்கிலப் பத்தியில் எழுத்துக்கூட்டலைப் பற்றிக் குமாஸ்தாவோடு சற்று வாதாட வேண்டியிருக்கலாம். தமிழ்ப் பத்தியில் இரண்டே எழுத்து.