12 மில்லிமீட்டர் காற்று

ஸ்ரீரங்கத்தில் எழும்பும் புது அடுக்குமாடிகளில் சிலர் ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி கேட்கிறார்கள். பிள்ளைகள் நியூஜெர்சியிலோ பிராங்பர்ட்டிலோ இருப்பார்கள். அங்கே போய் ஆறு மாதம் தங்கிவிட்டு வந்தவர்களுக்கு ஜன்னலைச் சாத்தினால் தெரு காணாமல் போகும் சுகம் பழகியிருக்கும். அலுமினியச் சட்டம், அதற்குள் 6 மில்லிமீட்டர் கண்ணாடி இரண்டு, நடுவே 12 மில்லிமீட்டர் இடைவெளி. தொழிலில் இதற்கு டி.ஜி.யு. என்று பேர். அந்த இடைவெளியில் இருப்பது ஈரம் வற்றிய காற்று. காவிரிக் காற்று அல்ல, கொள்ளிடக் காற்றும் அல்ல. கண்ணாடியை ஒட்டி மூடிய ஆலை எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர்க் காற்று. பல நேரம் சென்னைப் புறநகர்க் காற்று. இரண்டு ஆறுகளுக்கு நடுவில் இருக்கும் ஊருக்கு வேற்றூர்க் காற்றை விலை கொடுத்து வாங்கி வருகிறோம் என்று சிரிக்கலாம்தான். ஆனால் அந்த ஜன்னலில் உள்ள மற்ற எல்லாமே, உலோகமும் கண்ணாடியும் ரப்பரும், அந்தக் காற்றைக் கட்டிக் காக்கத்தான் இருக்கின்றன.

முதலில் உலோகம். ஒரு காலத்தில் அலுமினியம் நமக்குப் பக்கத்து மலைச் சரக்கு. கொல்லிமலையிலும் ஏற்காட்டைச் சுற்றியும் வெட்டிய பாக்சைட், மேட்டூரில் இருந்த மெட்ராஸ் அலுமினியம் கம்பெனிக்குப் போகும். மால்கோ என்றால் சேலத்துக்காரர்களுக்குத் தெரியும். 1965-ல் உற்பத்தி தொடங்கிய ஆலை அது; 2008-ல் உருக்குவதை நிறுத்திவிட்டது. மேட்டூரில் திறக்கும் தண்ணீர் இன்றும் ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபத்துப் படியைத் தொட்டுக்கொண்டு போகிறது. உலோகம் மட்டும் வேறு திசையிலிருந்து வருகிறது.

உதாரணத்துக்கு ஒடிசா. கோராபுட் மாவட்டத்தில் பஞ்சபட்மாலி மலை. 1981-ல் தொடங்கிய நால்கோ நிறுவனத்தின் சுரங்கம் அங்கே இருக்கிறது. வெட்டிய செம்மண் கட்டிகள் 14.6 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரே கன்வேயர் பெல்ட்டில் மலை இறங்கித் தாமன்ஜோடி ஆலைக்கு வரும். காஸ்டிக் சோடாவில் வெந்து, வெள்ளை வெளேர் என்ற அலுமினாப் பொடியாகி, ரயிலேறி அங்குல் போகும். அங்கே 950 டிகிரிக்கு மேல் கொதிக்கும் குழம்பில் மின்சாரத்தைப் பாய்ச்சி உலோகத்தைப் பிரிக்கிறார்கள். 4 டன் பாக்சைட் 2 டன் அலுமினா ஆகும், அது 1 டன் உலோகம் ஆகும். கிலோவுக்கு 13 முதல் 15 யூனிட் மின்சாரம் தின்னும் வேலை இது. நம் ஜன்னலுக்கு 10 கிலோ அலுமினியம் என்று வைத்துக்கொண்டாலே 140 யூனிட் வருகிறது. தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டைவிட அதிகம். அதுவும் பெரும்பகுதி நிலக்கரி மின்சாரம். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் ஜன்னல் என்று விற்பவர்கள் இந்தக் கணக்கிலிருந்து தொடங்குவதில்லை.

உலோகம் உருளைகளாக வார்க்கப்பட்டு செக்‌ஷன் போடும் ஆலைக்குப் போகிறது. 6063 என்ற கலவை; சிறிது மக்னீசியம், சிறிது சிலிக்கான். 450 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் உருகாது, இளகும். எஃகு அச்சு வழியாகப் பெரும் அழுத்தத்தில் தள்ளினால் உள்ளே அறைகளும் பள்ளங்களும் கொண்ட நீண்ட சட்டமாக மறுபக்கம் வரும். பிறகு 180 டிகிரி அளவில் சில மணி நேரம் அடுப்பில் வைத்தால்தான் உறுதி ஏறும். திருச்சிப் பட்டறைகளில் ‘ஜிண்டால் செக்‌ஷன் போட்டுருங்க’ என்று கேட்பவர்கள் உண்டு. பெங்களூரு கம்பெனியின் பேர் அது.

இதில் ஒரு சிக்கல். அலுமினியம் வெப்பத்தை அள்ளிக் கடத்தும். கண்ணாடியை இரண்டாக்கிவிட்டுச் சட்டத்தை ஒற்றை உலோகமாக விட்டால், கண்ணாடியில் தடுத்த வெப்பம் சட்டத்தின் வழியாக வீட்டுக்குள் வந்துவிடும். அதனால் நல்ல செக்‌ஷனில் வெளிப்பாதி, உள்பாதி என்று இரண்டு அலுமினியத் துண்டுகள். நடுவில் கண்ணாடி இழை கலந்த நைலான் பட்டை. சூடான டம்ளரைத் துண்டு சுற்றிப் பிடிக்கிற வேலைதான். அந்த நைலானைவிட அலுமினியம் 600 மடங்குக்கு மேல் வெப்பம் கடத்தும். பட்டை இல்லாத சாதாரண செக்‌ஷனில் டி.ஜி.யு. போட்டு ‘சிஸ்டம் விண்டோ’ என்று பில் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். சட்டத்தின் வெட்டுமுகத்தைக் காட்டச் சொன்னால் தெரிந்துவிடும்: உலோகத்துக்கு நடுவே கறுப்பாக இரண்டு கோடு இருக்க வேண்டும்.

கண்ணாடியின் கதை மணலில் தொடங்குகிறது, ஆனால் நம் ஆற்று மணலில் இல்லை. காவிரி மணல் சுவருக்கும் பூச்சுக்கும் ஆகும். அள்ளியது போக மிஞ்சியிருந்தால். தெளிந்த கண்ணாடிக்கு இரும்பு குறைந்த சிலிக்கா மணல் வேண்டும். ஆந்திராவில் கூடூர் பக்கம் அது கிடைக்கிறது. சோடா சாம்பலும் டாலமைட்டும் சுண்ணாம்புக்கல்லும் சேர்த்து 1,500 டிகிரிக்கு மேல் உருக்குகிறார்கள். ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் 2000-ல் தொடங்கிய ஆலை இந்த வேலையைத்தான் செய்கிறது. (ராமானுஜர் பிறந்த ஊரிலிருந்து அவர் வாழ்ந்து முடித்த ஊருக்குக் கண்ணாடியும் வருகிறது, வைணவ அன்பர்கள் மன்னிக்க.) உருகிய கண்ணாடி, உருகிய வெள்ளீயக் குளத்தின் மேல் மிதந்தபடியே பரவித் தட்டையாகிறது. தேய்க்கவும் வேண்டாம், மெருகு போடவும் வேண்டாம். இங்கிலாந்தில் பில்கிங்டன் கம்பெனி 1959-ல் உலகுக்கு அறிவித்த முறை இது. அடுப்பைப் பற்ற வைத்தால் பத்துப் பதினைந்து வருடம் அணைக்க மாட்டார்கள்.

இரண்டு கண்ணாடியை ஒட்டி நடுவில் காற்றை அடைக்கும் யோசனை இன்னும் பழசு. நியூயார்க்கைச் சேர்ந்த தாமஸ் ஸ்டெட்சன் 1865-லேயே காப்புரிமை வாங்கினார். கடைச் சரக்காக அது அமெரிக்காவில் பரவியது 1930-களுக்குப் பிறகுதான். தாமதத்துக்குக் காரணம் கண்ணாடி அல்ல, விளிம்பு. ஈரம் உள்ளே போகாமல் காலாகாலத்துக்கும் அடைக்கும் வழி அப்போது கைவரவில்லை.

இப்போது அடைக்கும் விதம் இது. முதலில் கண்ணாடியை அளவுக்கு வெட்டி, விளிம்பைத் தேய்த்து, 600 டிகிரிக்கு மேல் சூடாக்கிச் சட்டென்று காற்றடித்துக் குளிர்விக்கிறார்கள். அதுதான் டஃபன்ட் கிளாஸ். இதற்குப் பிறகு ஒரு மில்லிமீட்டர்கூட வெட்ட முடியாது. வெட்டினால் மொத்தமும் பொடிக்கல்லாகக் கொட்டும். கழுவிக் காய்ந்த கண்ணாடியின் ஓரத்தில் ஸ்பேசர் என்ற பொள்ளல் அலுமினியப் பட்டையை வைக்கிறார்கள். அதன் வயிற்றில் கடுகு போன்ற சிறு மணிகள், ஈரத்தை உறிஞ்சுபவை. பட்டையின் இரு பக்கமும் கறுப்பு பியூட்டைல் பசை. அதுதான் நீராவியைத் தடுப்பது. இரண்டாவது கண்ணாடியை அழுத்தி, வெளி ஓரம் முழுக்க பாலிசல்பைடோ சிலிக்கோனோ நிரப்புகிறார்கள், அது பிடிப்புக்கு. சாதாரணக் காற்றுக்குப் பதிலாக ஆர்கான் வாயு நிரப்புவதும் உண்டு. சில ஆலைகள் ஸ்பேசரிலேயே தயாரித்த தேதியை அச்சடிக்கின்றன. பிற்பாடு சண்டை வந்தால் உதவும்.

லாரியில் கண்ணாடியைப் படுக்க வைக்கக் கூடாது. ஸ்டாண்டில் சாய்த்து நிறுத்தித்தான் வரும். விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர், சமயபுரம். அப்புறம் பைபாஸ் பாலத்தில் கொள்ளிடத்தைக் கடந்து, ரங்கநாதரின் தீவைக் குறுக்கே வெட்டி, அடுத்த பாலத்தில் காவிரியையும் கடந்து, சஞ்சீவி நகர் வழியாக அரியமங்கலம் பக்கமோ துவாக்குடி பக்கமோ போய் இறங்கும். போய்ச் சேர வேண்டிய ஊரைத் தாண்டிப் போய்விட்டுத்தான் திரும்ப வர வேண்டும்.

உலோகத்தை வெட்டிப் பொருத்தும் கை திருச்சிக்குப் புதிதல்ல. பொன்மலை ரயில்வே பட்டறை 1928-லிருந்து இருக்கிறது. திருவெறும்பூரில் பெல் நிறுவனம் வந்தது 1960-களில். அதை நம்பி முளைத்த சிறு ஃபேப்ரிகேஷன் யூனிட்டுகள் பல. ஆனால் பாய்லர் வேலையில் பழகிய கண்ணுக்கும் ஜன்னல் வேலைக்கும் ஒரு வித்தியாசம்: அங்கே இரும்பை இரும்போடு பற்றவைக்கிறார்கள், இங்கே உலோகம் கண்ணாடியைத் தொடவே கூடாது.

செக்‌ஷனை 45 டிகிரியில் அறுத்து, மூலைக்குள் கிளீட் செருகி, கிரிம்பிங் மிஷினில் கடித்துப் பூட்டுகிறார்கள். சட்டம் ரெடி. அடுத்து வருவதைத்தான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். 4 அடிக்கு 4 அடி ஜன்னலுக்குக் கண்ணாடி எடை மட்டுமே 40 கிலோவைத் தாண்டும். அதைத் தாங்க விரல் நீளப் பிளாஸ்டிக் கட்டைகள் போதும், இடம் தெரிந்து வைத்தால். திறக்கும் ஷட்டர் என்றால் கீழே கீல் இருக்கும் பக்கத்து மூலையில் ஒன்று, மேலே எதிர் மூலையில் ஒன்று. எடை குறுக்காகக் கீலுக்கு இறங்கும். இடம் மாறினால் சில மாதத்தில் ஷட்டர் தொங்கிக் கீழே உரசும்.

கண்ணாடியைத் தலைகீழாக மாட்டலாம், ஆனால் முன்பின்னாக மாட்டக் கூடாது. வெயிலைத் திருப்பும் கோட்டிங் வெளிக்கண்ணாடியின் உட்புறத்தில் இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பூச்சைக் கண்டுபிடிக்க லைட்டரைப் பற்றவைத்துக் கண்ணாடி முன்னால் பிடிப்பார்கள். நான்கு பரப்புக்கு நான்கு சுடர் தெரியும். அதில் ஒன்று மட்டும் நிறம் மாறியிருக்கும். வெளியிலிருந்து பார்க்கும்போது அது இரண்டாவதாக இருந்தால் சரி.

இந்தக் கோட்டிங் திருச்சிக்கு ஏன் முக்கியம் என்றால், இந்த ஜன்னல் பிறந்த தேசங்களில் அதற்கு வேலையே வேறு. வெளியே மைனஸ் 10, உள்ளே 20. இடையில் 30 டிகிரி. உள்சூடு ஓடிப் போகாமல் பிடித்து வைப்பது அங்கே பிழைப்பு. மே மாதத் திருச்சியில் வெளியே 40, ஏ.சி. அறையில் 25, வித்தியாசம் 15 தான். நம்மைச் சுடுவது காற்றைவிட வெயில். தெளிந்த கண்ணாடி ஒற்றையாக இருந்தால் அதன்மேல் விழும் வெயில் சூட்டில் சுமார் 80 சதவீதத்தை உள்ளே விடும். கோட்டிங் இல்லாமல் இரட்டையாக்கினாலும் சுமார் 70 வந்துவிடும். நல்ல கோட்டிங் இருந்தால் அது 30 பக்கம் இறங்கும். ஏ.சி. ஓடாத அறைக்கு டி.ஜி.யு. வீண் செலவு என்பது என் கணிப்பு. மேற்கே பார்த்த சுவருக்கு முதலில் அகலமான சன்ஷேடு, அடுத்து கோட்டிங், கடைசியில்தான் இரண்டாவது கண்ணாடி. உத்தரவீதியிலும் சித்திரை வீதியிலும் மிஞ்சியிருக்கும் பழைய வீடுகள் திண்ணையையும் ரேழியையும் முற்றத்தையும் வைத்துக்கொண்டே இந்தக் கணக்கைத் தீர்த்துவைத்திருக்கின்றன. அங்கே போய் இதை மாட்டுவது அபத்தம்.

சத்தம் என்றால் நியாயம் வேறு. சென்னை கார்டு லைன் ரயில் ஊருக்குள்ளேயே போகிறது. மார்கழியில் ஒலிபெருக்கிக்கு ஓய்வு கிடையாது. ஆனால் இங்கேயும் இரண்டு கண்ணாடியும் ஒரே கனமாக இருந்தால் இரண்டும் ஒரே சுருதியில் அதிரும், சத்தம் அதே சுருதியில் உள்ளே வரும். ஒன்று 6, ஒன்று 8 என்று கனத்தை மாற்ற வேண்டும். ஒன்றையாவது லேமினேட்டட் ஆக்கினால் இன்னும் நல்லது. அதைவிட முக்கியம் ஜன்னல் சாத்தும் விதம். ஸ்லைடிங் ஜன்னலின் பிரஷ் இடுக்கில் காற்று போனால் சத்தமும் போகும். பட்டறைக்காரர் ஒருவர் வாடிக்கையாளரிடம் சொன்னது: “ஸ்லைடிங்ல டபுள் கிளாஸ் போட்டா காசு மட்டுந்தான் சார் டபுள்.” ரப்பர் காஸ்கெட் மேல் அழுந்தி மூடும் கேஸ்மென்ட் ஷட்டர்தான் சரி. ஆனால் அது வெளியே திறக்கும். கிரில்லை எங்கே வைப்பது, கொசுவலையை எந்தப் பக்கம் மாட்டுவது என்று வீட்டுக்காரருக்கும் பட்டறைக்கும் நடக்கும் பஞ்சாயத்து ஒரு வாரம் ஓடும்.

மாட்டும் நாளில் தெரிவது சுவரின் லட்சணம். கொத்தனார் விட்ட திறப்பு மேலே ஓர் அளவு, கீழே ஓர் அளவு. அதனால்தான் அகலத்தை மூன்று இடத்திலும் உயரத்தை மூன்று இடத்திலும் பிடித்து, மூலைக்கு மூலையும் பார்த்து, குறைந்த அளவுக்குச் சட்டம் அடிப்பார்கள். மிச்ச இடுக்குக்கு சிலிக்கோன். ரசமட்டம் வைத்து ஸ்க்ரூ முடுக்குவதற்கு அரை நாள் போதும்.

அதற்குப் பிறகு வரும் ஆபத்து பெயின்டரிடமிருந்து. சட்டத்தின் கீழ்ப்பட்டையில் வெளிப்பக்கமாகச் சிறு துளைகள் இருக்கும். காஸ்கெட்டைத் தாண்டி உள்ளே வரும் மழைநீர் அதன் வழியாக வடிய வேண்டும். ஏதோ ஓட்டை என்று நினைத்துப் பட்டி வைத்து அடைத்துவிடுவார்கள். ஐப்பசி மழையில் தண்ணீர் வடியாமல் சட்டத்துக்குள் தேங்கும். கண்ணாடியின் ஒட்டு விளிம்பு நாள் கணக்கில் அதில் ஊறும். வெயில் காலத்திலும் விளிம்புக்கு நிம்மதி இல்லை. பகலில் உள்காற்று விரிந்து கண்ணாடியை வெளியே தள்ளும், இரவில் சுருங்கி உள்ளே இழுக்கும். பசை தினமும் அசைந்துகொண்டே இருக்கும். என்றைக்கோ ஓர் இடத்தில் விட்டுக்கொடுக்கும். மணிகள் உறிஞ்சும் வரை உறிஞ்சிவிட்டு நிறைந்துவிடும். அப்புறம் ஒரு காலையில் இரண்டு கண்ணாடிக்கும் நடுவே பனி படரும். உள்ளேயும் துடைக்க முடியாது, வெளியேயும் துடைக்க முடியாது. ஒழுங்காகச் செய்த டி.ஜி.யு. 15, 20 வருடம் தாங்கும். துளை அடைபட்டது அதில் பாதியைக்கூடப் பார்ப்பது சந்தேகம்.

அப்போது கண்ணாடியை மட்டும் கழற்றி மாற்றினால் போதும், சட்டம் இன்னும் பல வருடம் நிற்கும். கழற்றிய டி.ஜி.யு.வைப் பழைய சாமான் கடையில் சீண்ட மாட்டார்கள். கோட்டிங்கும் பசையும் ஸ்பேசரும் ஒட்டிய கண்ணாடி உருக்குவதற்கு வாகாக இருக்காது. அலுமினியத்துக்கு மட்டும் எப்போதும் விலை உண்டு. நைலான் பட்டையை உருவி எறிந்துவிட்டுத் தராசில் போடுவார்கள். பாக்சைட்டிலிருந்து எடுக்க ஆன மின்சக்தியில் இருபதில் ஒரு பங்கு இருந்தால் அதை மறுபடி உருக்கிவிடலாம். அடுத்த பிறவியில் அது ஜன்னலாக வருமா, குக்கராக வருமா என்பது உருக்குகிறவருக்கு அன்றைக்கு வந்திருக்கும் ஆர்டரைப் பொறுத்தது.