வெண்ணெய் விற்ற நாடும் விழியிழந்த குழந்தைகளும்

பஞ்சம் தலைவிரித்தாடும் நாட்டிலே குழந்தைகள் நோயுறுவது வியப்பன்று. பாலும் வெண்ணெயும் பெருகிய ஒரு நாட்டிலே, பாலின் சத்தின்மையாற் குழந்தைகள் கண்ணொளியை இழந்தார்கள் என்றால், அதுவே வரலாறு ஆராய வேண்டிய செய்தியாகும். அந்நாடு டென்மார்க்கு. இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு நிகழ்ந்தவை, கொழுப்பிற் கரையும் விற்றமின்கள் எனப்படும் உயிர்ச்சத்துக்களின் வரலாற்றில் நீங்கா இடம் பெற்றுவிட்டன.

1870 ஆம் ஆண்டுகளை அடுத்து, அமெரிக்காவிலிருந்தும் உருசியாவிலிருந்தும் மலிவான தானியம் ஐரோப்பியச் சந்தைகளிற் குவிந்தது. தானியம் விற்றுப் பிழைத்த டென்மார்க்கு உழவர் தளர்ந்துவிடவில்லை, மாடு வளர்க்கலாயினர். பாலாடையை விரைந்து பிரிக்கும் பொறி அதே காலத்திற் புழக்கத்துக்கு வந்தது. 1882 ஆம் ஆண்டில் முதலாவது கூட்டுறவுப் பாற்பண்ணை தோன்ற, அதைப் பின்பற்றி ஊர்தோறும் பண்ணைகள் எழுந்தன. அவற்றின் வெண்ணெய் இங்கிலாந்தின் சந்தையை ஆட்கொண்டது. கூட்டுறவின் வெற்றிக்கு இலக்கணமாக உலகமே டென்மார்க்கைச் சுட்டிக்காட்டியது.

அவ்வெற்றிக்கு ஒரு மறுபுறமும் இருந்தது. வெண்ணெய் கப்பலேறிய பின் நாட்டில் எஞ்சியது ஆடை நீக்கிய பால். அதனைக் கன்றுக்கும் பன்றிக்கும் ஊட்டினர். ஏழைகளின் பிள்ளைகளும் அதனையே குடித்தனர். வெண்ணெய்க்குப் பதிலாக ஏழையின் உரொட்டியிற் பூசப்பட்டது மாஜரின். மாஜரினும் கொழுப்புத்தான், வயிறும் நிறைந்தது, ஆயினும் உடலுக்கு வேண்டிய ஏதோ ஒன்று அதில் இல்லை.

கோப்பனேகன் நகரிற் குழந்தை மருத்துவராயிருந்தவர் காள் புளொக் என்பவர். கண்ணின் வெண்படலம் ஈரமற்று உலர்ந்து, பின்னர் கருவிழி மென்மையாகிக் கரைந்து, இறுதியிற் பார்வை முற்றாக அழியும் நோயோடு குழந்தைகள் பலர் அவரிடங் கொண்டுவரப்பட்டனர். அவர்களுள் இறந்தோரும் பலர். இந்நோய் கண்ணில் மட்டும் தோன்றிய நோயன்று, உணவுக் குறையால் உடல் முழுவதையும் பற்றிய நோயே என அவர் கண்டார். ஓர் அநாதை இல்லத்தில் முழுப்பால் பெற்ற குழந்தைகள் நலமாயிருக்க, அது பெறாத பிரிவினரிடையே கண்ணோய் பரவியது. ஒரே கூரையின் கீழ், ஒரே பராமரிப்பில் வாழ்ந்தோரிடையே உணவொன்றே வேறுபாடு. கொட் என்னும் மீனின் ஈரலெண்ணெயை ஊட்டியதும் நோய் தணிந்தது.

புளொக்குக்கு முன்னரும் இதனைக் கண்டோர் உளர். யப்பானிய மருத்துவரான மோரி, ஆயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளின் கண்ணோயை ஆராய்ந்து, மீனெண்ணெய் அதற்கு மருந்தாவதை 1904 ஆம் ஆண்டில் எழுதினார். கொழுப்புக் குறைவே காரணம் என அவர் கருதினார். ஆனால் எல்லாக் கொழுப்பும் ஒன்றல்ல என்பதை உலகம் 1913 ஆம் ஆண்டிலேதான் அறிந்தது. அவ்வாண்டில் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் மக்கொலம் என்பவரும் மார்கரெற் டேவிஸ் என்னும் பெண்மணியும் எலிகளுக்கு வெவ்வேறு கொழுப்புக்களை ஊட்டிப் பார்த்தனர். பன்றிக் கொழுப்பும் ஒலிவ எண்ணெயும் உண்ட எலிகளின் வளர்ச்சி நின்றது. வெண்ணெயும் முட்டை மஞ்சட் கருவும் உண்டவை வளர்ந்தன. ஒஸ்போன், மெண்டல் என்னும் இருவரும் அதே ஆண்டில் இம்முடிவையே எய்தினர். வெண்ணெயில் மறைந்திருந்த அந்தப் பொருளே பின்னர் விற்றமின் ஏ எனப் பெயர் பெற்றது.

இந்நிலையில் முதலாம் உலகப்போர் டென்மார்க்கிலே எவரும் திட்டமிடாத ஒரு சோதனையை நடத்தியது. 1917 ஆம் ஆண்டில் செருமனியின் நீர்மூழ்கிக் கப்பல்கள் கடல்வழிகளை அச்சுறுத்தின. மாஜரின் செய்வதற்கான எண்ணெய் வந்து சேரவில்லை. எனவே அவ்வாண்டின் இறுதியில் அரசு வெண்ணெயைப் பங்கிடலாயிற்று. செல்வர் வறியர் என்ற வேற்றுமையின்றி ஒவ்வொருவருக்கும் வாரந்தோறும் ஏறக்குறையக் கால் கிலோகிராம் வெண்ணெய், வறியவரும் வாங்கத்தக்க விலையிற் கிடைத்தது. 1918 ஆம் ஆண்டிலே குழந்தைகளின் கண்ணோய் ஏறத்தாழ மறைந்தேபோயிற்று. போர் முடிந்து கட்டுப்பாடுகள் நீங்கி, வெண்ணெய் மீண்டும் கப்பலேறத் தொடங்கியதும் அந்நோயும் மீண்டது.

இந்நன்மையைச் செய்தது போரன்று, பங்கீடு. நாட்டில் வெண்ணெய் என்றுமே இருந்தது. ஏழையின் வீட்டில்தான் இருக்கவில்லை. பொருளின் பெருக்கம் வேறு, அது சேரவேண்டிய இடத்திற் சேர்வது வேறு என்னும் பொருளியல் உண்மையைக் குழந்தைகளின் கண்களே எழுதிக் காட்டின எனலாம்.

இதற்கிடையில் அறிஞர் வேறொரு புதிரையும் விடுவித்தனர். மீனெண்ணெய் கண்ணோயைத் தீர்த்ததுபோல, குழந்தைகளின் என்புகள் வளையும் கணைநோயையும் தீர்த்தது. இரண்டும் ஒரே சத்தின் செயலா? 1922 ஆம் ஆண்டில் மக்கொலம் மீனெண்ணெயைச் சூடாக்கி, அதனூடு காற்றைச் செலுத்தினார். கண்ணைக் காக்கும் ஆற்றல் அழிந்தது. என்பைக் காக்கும் ஆற்றல் எஞ்சியது. ஆகவே அது வேறொரு சத்து என்பது தெளிவாகி, விற்றமின் டி எனப் பெயர் பெற்றது. அதே 1922 ஆம் ஆண்டில் இனப்பெருக்கத்துக்கு வேண்டிய விற்றமின் ஈ அறியப்பட்டது. பின்னர், குருதி உறைதற்கு வேண்டிய விற்றமின் கே என்பதைக் கண்டறிந்தவரும் ஒரு டென்மார்க்கு அறிஞரே. அவர் பெயர் ஹென்றிக் டாம். அதற்காக 1943 ஆம் ஆண்டின் நோபல் பரிசை அவர் அமெரிக்கரான டொய்சியுடன் பகிர்ந்துகொண்டார்.

இந்நான்கும் நீரிற் கரைவதில்லை, கொழுப்பிலே கரைகின்றன. ஆகலின் பித்தநீரின் துணையும் உணவிலே சிறிதளவு கொழுப்பும் இன்றி இவை குடலினின்றும் உடலிற் சேர்வதரிது. உடலில் இவற்றின் தொழில்கள் வெவ்வேறு. விற்றமின் ஏயினின்று பிறக்கும் ஒரு பொருள் விழித்திரையிலுள்ள புரதத்தோடு கூடி, மங்கலான ஒளியையும் உணரும் செந்நிறப் பொருளாகின்றது. அது குன்றினால் மாலைக்கண் தோன்றும். கண், மூச்சுக்குழல், குடல் ஆகியவற்றின் மேற்படலங்களையும் இச்சத்தே பேணுவதால், அது குறைந்த குழந்தையைக் கிருமிகள் எளிதில் வெல்கின்றன. விற்றமின் டி சூரிய ஒளியால் தோலிலேயே உண்டாகி, ஈரலிலும் சிறுநீரகத்திலும் மாற்றமடைந்து, குடல் கல்சியத்தை ஏற்கச் செய்கிறது. விற்றமின் ஈ கலங்களின் கொழுப்பை ஒட்சிசனாற் சிதையாது காக்கிறது. விற்றமின் கே, குருதியை உறையவைக்கும் புரதங்களை ஈரல் ஆக்குவதற்குத் துணைநிற்கிறது.

விற்றமின் ஏ ஈரலிலே பெருமளவிற் சேமிக்கப்படுகிறது. சேமிப்பு நன்மையே, மிகுதியோ தீங்கு. 1597 ஆம் ஆண்டில் ஆட்டிக் கடற்பகுதியிற் சிக்கிய ஒல்லாந்து மாலுமிகள் வெண்கரடியின் ஈரலைத் தின்று நோயுற்றனர். அவர்களுட் சிலரின் தோல் உரிந்தது. அக்கரடியின் ஈரலில் விற்றமின் ஏ அளவுக்கு மிஞ்சியிருப்பதே அதற்குக் காரணம் எனப் பிற்காலத்தார் அறிந்தனர். ஆகவே மருந்தாகக் கொள்ளும்போது அளவறிந்து கொள்ளல் வேண்டும்.

வெண்ணெயும் ஈரலும் கிடையாதவர் கதியற்றவரோ? அல்லர். மஞ்சட் கிழங்குகளிலும் பச்சை இலைகளிலும் உள்ள கரட்டீன் என்னும் நிறப்பொருள் உடலினுள்ளே விற்றமின் ஏயாக மாறுகிறது என்பதை 1930 ஆம் ஆண்டளவில் ஆங்கில அறிஞர் மூர் மெய்ப்பித்தார்.

இவ்வரலாறு தமிழ் நிலத்தையும் தொட்டது. திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட 15,419 குழந்தைகளிடையே ஓராண்டு நடந்த ஆய்வொன்று 1990 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஒரு சாராருக்கு வாரந்தோறும் சிறிதளவு விற்றமின் ஏயும் ஈயும் தரப்பட்டன. மறுசாராருக்கு ஈ மட்டும் தரப்பட்டது. முதற் சாராரிடையே இறப்பு பாதிக்கு மேலாகக் குறைந்தது. எல்லா ஆய்வுகளும் இத்துணைப் பயனைக் காட்டவில்லை. பின்னர் வட இந்தியாவில் நடந்த பேராய்வு மிகச் சிறிய பயனையே காட்டியது. ஆயினும் இச்சத்துக் குறைந்த குழந்தைக்குக் கண் மட்டுமன்றி உயிரும் இடரில் நிற்கிறது என்பது உறுதியாயிற்று.

நம் வேலியோரத்து முருங்கையிலும், அகத்தியிலும், பொன்னாங்காணியிலும், பூசணியிலும், பழுத்த பப்பாசியிலும் கரட்டீன் நிறைந்துள்ளது. முருங்கையிலையைத் தேங்காய்ப்பூவிட்டு வறையாக்கும் வழக்கத்திலே, அச்சத்து உடலிற் சேர்வதற்கு வேண்டிய கொழுப்பும் அமைந்துவிடுகிறது. டென்மார்க்கு தன் நல்லுணவை விலைக்கு விற்றபின் அதன் அருமையை அறிந்தது. முருங்கைக்குக் கப்பலும் வேண்டாம், பங்கீட்டு அட்டையும் வேண்டாம். வேலியிலே தழைக்கும் இலை பிள்ளையின் தட்டுக்கு வந்து சேர்ந்தாற் போதும்.