ஓராண்டு உச்சவிலை உணர்த்துவது என்ன?

பங்கொன்று 52 வார உச்சவிலையை நெருங்கினால், 'இனி ஏற இடமில்லை' என்று விற்றுவிட்டு, வீழ்ந்து கிடக்கும் பங்கை மலிவென்று வாங்குவோர் பலர். ஓய்வுக்காலப் பணத்தையும் அவ்வாறே இழக்கின்றனர். அமெரிக்கப் பங்குகளை ஆராய்ந்து தாமஸ் ஜார்ஜ், சுவான்-யாங் ஹுவாங் இருவரும் 2004-இல் வெளியிட்ட கட்டுரை நேர்மாறானதைக் காட்டியது. உச்சத்தை ஒட்டி நின்ற பங்குகளே அடுத்த ஆறு மாதங்களில் சராசரியாகக் கூடுதல் ஆதாயம் தந்தன. பழைய உச்சத்தையே எல்லையாகக் கருதுவோர், நற்செய்தி வந்தும் அதற்குமேல் விலைதரத் தயங்குகின்றனர். அதனால் செய்தியின் மதிப்பு தாமதமாகவே விலையில் சேர்கிறது என்பது அவர்கள் தரும் விளக்கம்.

ஆயினும் இது சராசரிக் கணக்கே. ஜனவரி மாதங்களில் இவ்வுத்தி நட்டமே தந்தது. 2009 மார்ச்சுக்குப் பின் அமெரிக்கச் சந்தை மீண்டபோது, மிகுதியும் வீழ்ந்திருந்த பங்குகளே விரைந்து எழுந்தன. போனஸ் பங்கு வழங்கப்பட்டிருந்தால், பழைய உச்சவிலையையும் அவ்விகிதத்தில் குறைத்தே ஒப்பிட வேண்டும்.