முந்நூற்றறுபது வரிகள்

"ஒண்ணுமே செய்யமாட்டான் பாத்துக்கிடுங்க." நாகர்கோவில் பக்கம் அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளையைப் பற்றிக் கேட்டால், பெற்ற அம்மையே பல நேரம் இப்படித்தான் தொடங்குவாள். அதே பிள்ளை டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துச் சாயா குடிப்பான். அப்பாவின் பைக் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுவான். 'ஒண்ணுமே' என்ற சொல்லுக்குள் இவ்வளவும் மறைந்து கிடக்கும். அந்தச் சொல்லை உடைத்துப் பார்ப்பதற்குச் சென்னையில் ஓர் அளவுகோல் பிறந்தது. மெட்ராஸ் டெவலப்மெண்டல் புரோகிராமிங் சிஸ்டம் என்று பெயர். சிறப்பு ஆசிரியர்கள் எம்.டி.பி.எஸ். என்பார்கள்.

அதற்கு முன்பு கையில் இருந்தவை ஐ.கியூ. போன்ற எண்கள்தான். ஸ்டான்ஃபோர்டு-பினே சோதனையை வி.வி.காமத் 1930களில் இந்தியக் குழந்தைகளுக்காக மாற்றியமைத்தார். வைன்லாந்து சமூக முதிர்ச்சி அளவுகோலை நாக்பூரில் ஏ.ஜே.மாலின் நம் சூழலுக்குக் கொண்டுவந்தார். பெரிய உழைப்பு இரண்டும். ஆனால் நாளைக் காலையில் இந்தப் பிள்ளைக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது என்று கேட்டால், 45 என்ற எண் என்ன பதில் சொல்லும்?

இதற்கு வழி வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. 1968இல் அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்து பேயர், வுல்ஃப், ரிஸ்லி மூவரும் பயன்பாட்டு நடத்தைப் பகுப்பாய்வுக்கு இலக்கணம் வகுத்தார்கள். கற்கிறவரின் அன்றாட வாழ்வுக்கு வேண்டிய செயலை எடுத்துக்கொள்ள வேண்டும். அதைக் கண்ணால் பார்த்து அளக்க முடியவேண்டும் என்றார்கள்.

சென்னை விஜய் ஹ்யூமன் சர்வீசஸில் பி.ஜெயச்சந்திரனும் வி.விமலாவும் வெளியிட்ட எம்.டி.பி.எஸ். அளப்பதும் அப்படிப்பட்ட செயல்களைத்தான். சாப்பாடு, உடை, கழிப்பறை, பேச்சு, காசு, நேரம், வீட்டுவேலை என்று 18 துறைகள். துறைக்கு 20 வரிகள், எளியது முதலில், கடினமானது பின்னால். மொத்தம் 360. ஒவ்வொரு வரிக்கும் செய்கிறான், செய்யவில்லை என்று இரண்டே குறி. வரிகள் எல்லாமே செய்யக்கூடிய காரியத்தைச் சொல்பவை. குற்றம் சொல்கிற வரி கிடையாது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது இதுதான்.

வரி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நானே ஓர் உதாரணம் சொல்கிறேன். 'நன்றாகச் சாப்பிடுவான்' என்று எழுதினால் அம்மை ஆமாம் என்பாள், டீச்சர் இல்லை என்பார். 'சோற்றைத் தீயலோடு தானே பிசைந்து, சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோகிறான்' என்று எழுதினால் சண்டைக்கு இடமில்லை. இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் ஒரே குறிதான் விழும். பிசைகிறான், ஆனால் சிந்துகிறான் என்றால் அடுத்த பாடம் எது என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

இரண்டே குறி என்பதில் ஒரு குறையும் உண்டு. கையைப் பிடித்துச் சட்டை போட்டுவிட வேண்டிய பிள்ளைக்கும், வாயால் சொன்னால் போட்டுக்கொள்ளும் பிள்ளைக்கும் ஒரே 'செய்யவில்லை'. செகந்திராபாத் தேசிய மனவளர்ச்சி குன்றியோர் நிறுவனத்தில் ரீட்டா பெஷாவாரியாவும் எஸ்.வெங்கடேசனும் 1992இல் வெளியிட்ட பேசிக்-எம்.ஆர். என்ற அளவுகோல் அதைச் சரிசெய்தது. தானே செய்தால் 5, குறிப்புக் கொடுத்தால் செய்தால் 4, சொன்னால் செய்தால் 3, கைபிடித்தால் செய்தால் 2, முழுக்க நாம்தான் செய்ய வேண்டும் என்றால் 1. அடிப்பது, கடிப்பது, தலையை முட்டுவது போன்ற 75 நடத்தைகளுக்குத் தனிப் பகுதியும் வந்தது.

இப்படிப்பட்ட நடத்தைகளை வீட்டிலேயே எண்ணலாம். பிள்ளை தலையைச் சுவரில் முட்டுகிறான் என்று வையுங்கள். முட்டும் ஒவ்வொரு தடவையும் அடுக்களைக் காலண்டரில் ஒரு கோடு, பக்கத்தில் மணி, அதற்குச் சற்று முன்னால் நடந்தது என்ன, பிறகு நாம் என்ன செய்தோம். பத்து நாள் கழித்துப் பார்த்தால் கோடுகள் எல்லாம் மிக்ஸி ஓடும் நேரத்தில் விழுந்திருக்கலாம். "எப்பப் பாத்தாலும் முட்டுகான்" என்பதைவிட அந்தக் காலண்டர் ஆயிரம் மடங்கு உதவும். பிள்ளையின் மேல் விழும் அடியும் குறையும்.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், அடுத்த முறை சிறப்புப் பள்ளிக்குப் போகும்போது மதிப்பீட்டுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். நகல் எடுத்துத் தேதி போட்டு வையுங்கள். போன தடவை செய்யாமல் இருந்து இப்போது செய்கிற வரி எது என்று டீச்சரிடம் விரல்வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.