கடவுள் ஆணா? தமிழ் 'ஆர்' ஈறு சொல்லும் விடை

'பிதாவே' என்று அழைத்தே வளர்ந்தவர்களிடம் 'கடவுள் ஆணா?' என்று கேட்டால் சற்றுத் திகைத்துத்தான் போவார்கள். திருச்சபையின் போதனையிலோ தயக்கமே இல்லை. உடலற்றவருக்குப் பால் வேறுபாடு ஏது? 'தந்தை' என்ற பெயரைப் பிடித்துக்கொண்டு கடவுளை ஆணாக்கியவர்களை 4ஆம் நூற்றாண்டிலேயே நசியான்சு கிரகோரியார் கடிந்துகொண்டார். 1992இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூலும் கடவுள் ஆணுமல்லர், பெண்ணுமல்லர் என்றே கூறுகிறது. இயேசு ஆணாகப் பிறந்தார் என்பது அவர் ஏற்ற மானிட உடலைப் பற்றிய செய்தி.

அப்படியிருந்தும் நம் மனத்தில் வெண்தாடி முதியவர் ஒருவர் குடியேறிவிட்டார். ஓவியங்களுக்கு அதில் பெரும்பங்கு உண்டு, மொழிக்கும் உண்டு. ஆவியைக் குறிக்கும் எபிரேயச் சொல் 'ரூவாக்' பெரும்பாலும் பெண்பாலாகவே வரும். கிரேக்கத்தில் 'நியூமா' ஆணும் பெண்ணுமற்ற பொதுப்பால். இலத்தீன் 'ஸ்பிரித்துஸ்' ஆண்பால். சிரிய மொழியின் 'ரூஹா' பெண்பால் என்பதால், 4ஆம் நூற்றாண்டின் சிரிய எழுத்தாளர் அப்ரகாத் தூய ஆவியைத் தாய் என்றே எழுதினார். பின்னாளில் சிரியர்களும் அச்சொல்லை ஆண்பாலாக ஆளத் தொடங்கினார்கள். ஒரு தாய்முகம் அப்படித்தான் மங்கியது.

முழுதும் மறைந்துவிடவில்லை. இறை இரக்கத்தைச் சொல்லும் எபிரேயச் சொல் 'ரஹமீம்'. கருப்பை என்று பொருள்படும் 'ரெஹெம்' அதற்கு உறவுச்சொல். 'பெத்த வயிறு' என்று நம் ஊரில் சொல்வார்களே, அந்தத் தவிப்பு அதில் இருக்கிறது. லூக்கா 15ஆம் அதிகாரத்திலும் அந்த முகம் தெரிகிறது; காணாமற்போனதைத் தேடும் கதைகளைப் பாருங்கள். ஆட்டைத் தோளில் சுமக்கும் மேய்ப்பன் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் தொங்குகிறார். பத்து வெள்ளிக்காசில் ஒன்றைத் தொலைத்துவிட்டு, விளக்கேற்றி, வீட்டைக் கூட்டிப் பெருக்கித் தேடி, கிடைத்ததும் அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டு மகிழ்கிற பெண்ணை எந்தச் சுவரில் கண்டோம்? அவளும் கடவுளின் உவமைதான். இந்தப் புறக்கணிப்பு எனக்கு வருத்தம் தருகிறது.

தமிழுக்கு இங்கே ஒரு பேறு வாய்த்திருக்கிறது. விவிலியத்தைத் தமிழாக்கிய பப்ரீசியஸ் ஆண்ட 'பராபரன்', பின்வந்த மொழிபெயர்ப்பின் 'தேவன்' இரண்டும் னகர ஈற்றால் ஆண்பால் காட்டுபவை. ஆனால் வினை வரும்போது 'தேவன் சொன்னான்' என்று நாம் சொல்வதில்லை, 'சொன்னார்' என்கிறோம். அந்த 'ஆர்' ஈறு பலர்பாலுக்கு உரியது. மரியாதைக்காக ஒருவரிடம் வந்து சேர்ந்தது. அம்மா வந்தார், அப்பா வந்தார். ஈற்றை வைத்துப் பால் அறிய முடியாது. ஆங்கிலத்தின் 'ஹீ'யோ பாலை உடனே காட்டிவிடுகிறது. அஃறிணையான 'ஆவி'கூட நம் வழிபாட்டில் 'ஆவியானவர்', 'தூய ஆவியார்' என உயர்திணைக்கு ஏறிவிட்டது. 1995இன் திருவிவிலியம் கையாளும் 'கடவுள்' என்ற சொல்லிலோ பால் காட்டும் ஈறே இல்லை.

இதனால் 'தந்தை' என்ற அழைப்பைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இயேசு 'அப்பா' என்றது உறவின் நெருக்கத்தைக் காட்டவே. தாயின் நெருக்கத்தைச் சொல்லத்தான் நாம் ஏன் கூசுகிறோம்? மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் கற்பித்த தியாபிலஸ் அப்பாவு கூசவில்லை. 'பரட்டை' என்று பெயர்பெற்ற அவர், நாட்டுப்புற மெட்டில் வழிபாடு அமைத்தபோது ஏட்டுத் தமிழை விலக்கி, கடவுளைப் 'பெத்தவரே' என்று கூப்பிட்டார். அந்த ஒரு விளிக்குள் காணாமற்போன மகனுக்காக வாசலில் காத்து நிற்கும் தகப்பனும் இருக்கிறார், விளக்கைப் பிடித்துக்கொண்டு மூலை மூலையாகத் தேடுகிறவளும் இருக்கிறாள்.